வான்பயணத்தில் ஆக்சிசன் குறைவு

வான்பயணத்தில் ஆக்சிசன் குறைவு என்பது, வானூர்தி உயரே செல்லும்போது காற்றழுத்தம் குறைவதால், பறப்பவரின் உடல் இழையங்களுக்குத் தேவையான அளவு ஆக்சிசன் (உயிர்வளி) கிடைக்காமற் போகும் நிலையைக் குறிக்கும். மருத்துவத்தில் இது ஐப்பாக்சியா (ஹைப்பாக்ஸியா) எனப்படுகிறது. வான்பயண மருத்துவம் என்னும் துறை தோன்றுவதற்கே இது முதற்காரணங்களுள் ஒன்றாகும். பறப்பில் மனிதருக்கு நேரும் பிற இடர்களான காதுவலி, குமட்டல், கடுங்குளிர் போன்றவை தம் வரவைத் தாமே அறிவிக்கின்றன. ஆக்சிசன் குறைவு அவ்வாறு அறிவிப்பதில்லை. அது முதலில் தாக்குவது, ஆபத்தை உணர்ந்து முடிவெடுக்க வேண்டிய மூளையையே. எனவே இதற்கு எதிரான பாதுகாப்பு ஏற்பாடுகள் அனைத்தும், விமானி தன் உடல்நிலையைத் தானே சரியாக மதிப்பிடுவார் என்று எதிர்பாராமல் வகுக்கப்பட வேண்டியுள்ளது.

உயரமும் காற்றழுத்தமும்

உயரே செல்லச் செல்லக் காற்றில் ஆக்சிசனின் விகிதம் குறைகிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. கடல்மட்டத்திலும், பயணியர் வானூர்திகள் பறக்கும் உயரத்திலும், காற்றில் ஆக்சிசன் ஏறத்தாழ 21 விழுக்காடே உள்ளது. குறைவது காற்றின் மொத்த அழுத்தமாகும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம், இதில் ஆக்சிசனின் பங்கு, அதாவது அதன் பகுதி அழுத்தம், ஏறத்தாழ 159 மி.மீ. ஆகும். ஏறத்தாழ 18,000 அடி (5,500 மீட்டர்) உயரத்தில் மொத்த அழுத்தம் பாதியாகிவிடுகிறது. 34,000 அடி உயரத்தில் அது கால் பங்கே இருக்கும். ஆக்சிசன் நுரையீரலிலிருந்து குருதிக்குள் நுழைவதும் குருதியிலிருந்து இழையங்களுக்குச் செல்வதும் இந்தப் பகுதி அழுத்த வேறுபாட்டினாலேயே நிகழ்கின்றன. தள்ளுவிசை குறைந்தால், காற்றில் ஆக்சிசன் இருந்தும் அது உடலுக்குள் புகுவது குறைகிறது.

நுரையீரலுக்குள் நிலைமை இன்னும் மோசமாகும். உள்ளே செல்லும் காற்று உடல் வெப்பநிலையில் ஈரமாக்கப்படுகிறது. இந்த நீராவியின் அழுத்தம் 47 மி.மீ.; எந்த உயரத்திலும் இது மாறுவதில்லை. உடல் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் இவ்விரண்டும் தமக்குரிய இடத்தைப் பெரிதும் விட்டுக்கொடுப்பதில்லை. எஞ்சிய இடமே ஆக்சிசனுக்கு. இதனால், கடல்மட்டத்தில் நுரையீரல் நுண்ணறைகளில் 100 மி.மீ. அளவில் இருக்கும் ஆக்சிசன் அழுத்தம், 18,000 அடியில் 40 மி.மீ.க்கும் கீழே சென்றுவிடுகிறது. வெளிக்காற்று பாதியானபோது உள்ளே கிடைப்பது பாதியிலும் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும்.

தூய ஆக்சிசனைச் சுவாசிப்பதாலும் ஓரளவிற்கே பயன் உண்டு. 34,000 அடியில் தூய ஆக்சிசனைச் சுவாசிப்பவர் கடல்மட்டக் காற்றைச் சுவாசிப்பவருக்கு ஒப்பாவார். 40,000 அடியில் அவர் 10,000 அடியில் காற்றைச் சுவாசிப்பவருக்கு ஒப்பாவார். அதற்கும் மேலே, ஆக்சிசனை அழுத்தத்துடன் நுரையீரலுக்குள் செலுத்த வேண்டும். ஏறத்தாழ 63,000 அடியில் மொத்தக் காற்றழுத்தமே 47 மி.மீ. ஆகிவிடுவதால், உடல் வெப்பநிலையில் நீர் கொதிக்கத் தொடங்கும். அமெரிக்க வான்படை மருத்துவர் ஹாரி ஆம்ஸ்ட்ராங்கின் பெயரால் இது ஆம்ஸ்ட்ராங் எல்லை எனப்படுகிறது. (நிலவில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் வேறு ஒருவர்.) இவ்வெல்லைக்கு மேலே அழுத்த உடையோ அழுத்தமூட்டிய கலமோ இன்றி உயிர்வாழ இயலாது.

உடல் ஏன் எச்சரிப்பதில்லை

மூச்சை அடக்கிக்கொண்டால் ஒரு நிமிடத்திற்குள் தாங்கமுடியாத திணறல் ஏற்படுகிறது. ஆகவே ஆக்சிசன் குறைந்தாலும் இதேபோன்று திணறும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் அந்தத் திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் ஆக்சிசன் குறைவன்று. வெளியேற முடியாமல் குருதியில் சேரும் கார்பன் டை ஆக்சைடே ஆகும். மூளைத்தண்டில் உள்ள சுவாச மையம் முதன்மையாகக் கார்பன் டை ஆக்சைடின் அளவையும் அதனால் மாறும் அமிலத்தன்மையையும் கொண்டே மூச்சை ஒழுங்குபடுத்துகிறது.

உயரத்தில் பறப்பவர் தடையின்றி மூச்சுவிடுகிறார். கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல் வெளியேறிவிடுகிறது. எனவே திணறல் ஏற்படுவதில்லை. கழுத்துத் தமனிகளின் அருகே ஆக்சிசன் அளவை உணரும் சிறு உறுப்புகள் உள்ளன என்றாலும், ஆக்சிசன் அழுத்தம் ஏறத்தாழ 60 மி.மீ.க்குக் கீழே செல்லும்வரை அவை வலுவாகத் தூண்டப்படுவதில்லை. அவை தூண்டப்பட்டு மூச்சு விரைவடைந்தால் கார்பன் டை ஆக்சைடு மேலும் குறைகிறது. இதனால் விரல்களிலும் உதடுகளிலும் கூச்சம் தோன்றலாம். ஆயினும் 'மூச்சு முட்டுகிறது' என்ற உணர்வு தோன்றாது.

இதற்கிடையே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடுகிறது. மூளை உடலின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆயினும், ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வசதியும் அதற்கு இல்லை. முதலில் குன்றுவன தீர்ப்பு, தற்கணிப்பு, புதிய சிக்கலை ஆராயும் திறன் ஆகியவையே. பழகிய கைவேலைகள் சற்றுப் பின்னரே தடுமாறுகின்றன. ஆகவே பாதிக்கப்பட்டவர் வழக்கமான செயல்களைச் செய்துகொண்டே இருப்பார். தான் நலமாக இருப்பதாக உறுதியாகவும் நம்புவார். பலருக்கு மதுவருந்தியவர் போன்ற களிப்பும் அளவுமீறிய தன்னம்பிக்கையும் தோன்றுகின்றன.

அறிகுறிகள்

இரவுப் பார்வை மிக எளிதில் பாதிக்கப்படுகிறது. 5,000 அடி அளவிலேயே மங்கிய ஒளியில் காணும் திறன் குறையத் தொடங்குவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. விழித்திரைக்கு ஆக்சிசன் தேவை மிகுதி என்பதே இதன் காரணம். 10,000 அடி வரை உடல்நலமுள்ளவர் பகலில் பெரிய வேறுபாடு எதையும் உணர்வதில்லை. அதற்கு மேலே களைப்பு, தலைவலி, கொட்டாவி, கவனக்குறைவு ஆகியவை தோன்றும். 15,000 அடியைக் கடந்தபின், எளிய கூட்டல் கழித்தலில் பிழை, குழறும் பேச்சு, சிதறிய கையெழுத்து, குறுகும் பார்வைப்புலம், நீலம்பாய்ந்த நகங்களும் உதடுகளும் எனக் கடுமை கூடுகிறது. இறுதியில் நினைவிழப்பும், தொடர்ந்தால் இறப்பும் நேரும்.

இவ்வறிகுறிகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவருக்கு முதலில் முகம் சூடாகும். மற்றொருவருக்குக் காரணமின்றி எரிச்சல் வரும். ஆனால் ஒரே ஆளிடம் அது பெரும்பாலும் ஒரே வகையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. விமானிகளுக்கான பயிற்சி இந்த இயல்பையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

பயன்தரு நினைவு நேரம்

ஆக்சிசன் கிடைப்பது குறைந்த கணத்திலிருந்து, ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் செயலைச் சரியாகச் செய்ய இயலும் வரையுள்ள காலம் பயன்தரு நினைவு நேரம் எனப்படும். இது நினைவிழக்கும் வரையுள்ள நேரமன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்நேரம் முடிந்த பின்னும் ஒருவர் விழித்திருக்கலாம், பேசலாம், சிரிக்கவும் செய்யலாம். முகக்கவசத்தை எடுத்து அணிய மட்டும் அவருக்குத் தோன்றாது.

பயிற்சி நூல்களில் பொதுவாகத் தரப்படும் அளவுகளின்படி, 18,000 அடியில் இந்நேரம் 20 முதல் 30 நிமிடங்கள். 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடங்கள். 30,000 அடியில் 1 முதல் 2 நிமிடங்கள். 35,000 அடியில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். 40,000 அடியில் 15 முதல் 20 நொடிகளே. அறையின் அழுத்தம் திடீரென இழக்கப்பட்டால் இவை ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

நிலத்தில் ஒரு நிமிடம் மூச்சடக்க இயலும் ஒருவர், 40,000 அடியில் ஏன் 20 நொடிகளில் செயலிழக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். மூச்சடக்கும்போது நுரையீரலில் உள்ள காற்று ஒரு சேமிப்பாக உதவுகிறது. அழுத்தம் திடீரென இழக்கப்படும்போது இச்சேமிப்பு வெளியே பாய்ந்துவிடுகிறது. மேலும், நுரையீரலில் எஞ்சும் ஆக்சிசனின் அழுத்தம் அங்கு வந்துசேரும் குருதியில் உள்ளதைவிடக் குறைந்துவிடுவதால், ஆக்சிசன் குருதியிலிருந்து நுரையீரலுக்குத் திரும்பிச் செல்கிறது. ஒவ்வொரு மூச்சும் உடலிலிருந்து ஆக்சிசனை எடுத்து வெளியே கொட்டுகிறது எனலாம். அப்போது மூச்சை அடக்க முயல்வதும் ஆபத்தானது. விரிவடையும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும்.

1978ல் ரெயின்கோல்ட் மெஸ்னர், பீட்டர் ஆபெலர் ஆகியோர் கூடுதல் ஆக்சிசன் இன்றி எவரெசுட்டு உச்சியை அடைந்தனர். அதன் உயரம் 29,000 அடி. அதே உயரத்தில் அழுத்தம் இழந்த வானூர்தியில் இருப்பவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடங்களே. மலையேறுபவரின் உடல் பல வாரங்களில் மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டி, சிவப்பணுக்களைப் பெருக்கி இணக்கம் பெறுகிறது. வானூர்திப் பயணி கடல்மட்ட உடலுடனேயே அங்கு செல்கிறார்.

வகைகள்

ஆக்சிசன் குறைவு நான்கு வகைப்படும். மேலே விளக்கப்பட்டது காற்றழுத்தக் குறைவால் ஏற்படுவது. குருதியின் ஏற்கும் திறன் குறைவது இரண்டாவது. குருதிச்சோகை இதற்கு எடுத்துக்காட்டு. கார்பன் மோனாக்சைடு ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இணைவதால் அதுவும் இவ்வகையையே உண்டாக்குகிறது. சிறு வானூர்திகளில் எஞ்சின் புகைபோக்கியைச் சுற்றிவரும் காற்றைக் கொண்டு அறையைச் சூடாக்குவர். அதில் விரிசல் விழுந்தால் இந்நச்சு வளி உள்ளே புகும். புகைபிடிப்பவர் தம் குருதியில் இதை எப்போதும் சிறிதளவு சுமந்தே விமானமேறுகிறார். மூன்றாவது, குருதியோட்டம் தேங்குவது; போர் வானூர்தியின் கூரிய திருப்பங்களில் குருதி கால்களில் தேங்கி மூளைக்குச் செல்லாமற் போவது இதில் அடங்கும். நான்காவது, இழையங்கள் ஆக்சிசனைப் பயன்படுத்த இயலாத நிலை. சயனைடு நஞ்சும் மதுவும் இதற்குக் காரணமாகலாம். இவை ஒன்றோடொன்று கூடும் என்பதே நடைமுறையில் முக்கியமானது.

வரலாறு

வானூர்தி தோன்றுவதற்கு முன்பே, வளிக்கூண்டில் (பலூனில்) பறந்தோர் இதை எதிர்கொண்டனர். 1862 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து எழும்பிய ஜேம்ஸ் கிளெய்சர் உயரத்தில் நினைவிழந்தார். உடன் சென்ற ஹென்றி காக்ஸ்வெல்லின் கைகள் குளிரால் செயலிழந்திருந்தன. அவர் வளியை வெளியேற்றும் வால்வின் கயிற்றைப் பற்களால் கவ்வி இழுத்துக் கூண்டைக் கீழிறக்கினார்.

பிரான்சில் உடலியங்கியல் அறிஞர் பால் பெர்ட், அழுத்தத்தைக் குறைக்கவல்ல இரும்பு அறைகளை அமைத்து ஆய்வு செய்தார். உயரத்தில் தீங்கு செய்வது தாழ்ந்த அழுத்தம் தானாக அன்று, ஆக்சிசனின் தாழ்ந்த பகுதி அழுத்தமே என்பதை நிறுவியவர் இவரே. இவருடைய பெருநூல் 1878ல் வெளியானது. இவரது அறையில் பயின்ற குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் ஆகிய இருவரும் 1874ல் ஆக்சிசன் பைகளுடன் 7,000 மீட்டருக்கு மேலே சென்று நலமாகத் திரும்பினர்.

அடுத்த ஆண்டு, 1875 ஏப்ரல் 15 அன்று, இவ்விருவரும் காஸ்தோன் திசாந்தியேயும் 'செனித்' என்னும் வளிக்கூண்டில் மேலும் உயரம் செல்ல எழும்பினர். கொண்டுசெல்லும் ஆக்சிசன் போதாது என்று பெர்ட் கடிதம் எழுதியிருந்தார். ஆனால் ஏற்பாட்டை மாற்ற நேரமிருக்கவில்லை. எனவே இருப்பதைச் சிக்கனப்படுத்தி, உண்மையில் தேவை என்று உணரும்போது மட்டும் சுவாசிப்பது என அவர்கள் முடிவு செய்தனர். அந்த முடிவே உயிர்களைப் பறித்தது. 8,000 மீட்டரை நெருங்கியபோது ஆக்சிசன் குழாயைப் பற்ற விரும்பியதாகவும், கையை உயர்த்த முடியவில்லை எனவும், ஆயினும் துன்பமோ அச்சமோ தோன்றாமல் உள்ளத்தில் ஒரு மகிழ்ச்சியே நிறைந்திருந்தது எனவும் திசாந்தியே பின்னர் எழுதினார். அவர் விழித்தபோது வளிக்கூண்டு கீழே விழுந்துகொண்டிருந்தது. தோழர் இருவரும் இறந்திருந்தனர். ஆக்சிசன் பைகள் அவர்களின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

அழுத்தமூட்டிய அறை

இன்றைய பயணியர் வானூர்திகள் 30,000 அடிக்கு மேலே பறந்தாலும், பயணிகள் முகக்கவசமின்றி அமர்ந்திருக்கக் காரணம் அழுத்தமூட்டிய அறையே. பெரும்பாலான தாரை வானூர்திகளில், எஞ்சினின் அமுக்கிப் பகுதியிலிருந்து எடுக்கப்படும் காற்று குளிர்விக்கப்பட்டு அறைக்குள் செலுத்தப்படுகிறது. உடற்பகுதியின் பின்புறம் உள்ள வெளியேற்று வால்வு தேவைக்கேற்பத் திறந்தும் மூடியும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. அறைக்குள் நிலவும் அழுத்தம் எவ்வுயரத்தின் அழுத்தத்திற்குச் சமமோ அது அறை உயரம் எனப்படும். இது வழக்கமாக 8,000 அடிக்கு மிகாமல் வைக்கப்படுகிறது. போயிங் 787 போன்ற புதிய வகைகளில் 6,000 அடி அளவில் உள்ளது. இத்தகைய அறையுடன் பயணியர் சேவையில் ஈடுபட்ட முதல் வானூர்தி, 1940ல் சேவையைத் தொடங்கிய போயிங் 307 ஆகும்.

அறை உயரத்தை 8,000 அடிக்குப் பதிலாகக் கடல்மட்டத்திலேயே வைக்கலாகாதா எனில், உள்ளுக்கும் வெளிக்கும் இடையேயான அழுத்த வேறுபாடு கூடும். அதைத் தாங்க உடற்பகுதி இன்னும் கனமாக வேண்டும். 8,000 அடி என்பது உடலியலும் பொறியியலும் செய்துகொண்ட உடன்பாடாகும்.

ஹீலியோஸ் 522 விபத்து

2005 ஆகத்து 14 அன்று, சைப்பிரசின் லார்னக்காவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பிராகா செல்லவிருந்த ஹீலியோஸ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 737-300 வானூர்தி கிரேக்கத்தில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 121 பேரும் இறந்தனர். ஆக்சிசன் குறைவு எவ்வாறு செயல்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு அரிது.

முந்தைய பயணத்தில் பின்பக்கக் கதவிலிருந்து ஒலி வந்ததாகப் பதிவாகியிருந்ததால், இரவில் பராமரிப்புப் பொறியாளர் அறையின் அழுத்தக் கசிவைச் சோதித்தார். அதற்காக அழுத்தக் கட்டுப்பாட்டுச் சுவிட்சு தானியங்கு நிலையிலிருந்து கைமுறை நிலைக்கு மாற்றப்பட்டது. சோதனை முடிந்தபின் அது அவ்வாறே விடப்பட்டது. விமானிகள் புறப்படும் முன்னும் பின்னும் படிக்கும் சரிபார்ப்புப் பட்டியல்களில் இச்சுவிட்சு இடம்பெறுகிறது. மூன்று வாய்ப்புகளிலும் அது கண்ணிலிருந்து தப்பியது. வழக்கமாகச் சரியாகவே இருக்கும் ஒன்றைப் பார்க்கும் கண், இருப்பதைக் காணாமல் எதிர்பார்ப்பதையே காண்கிறது. மனிதக் காரணிகள் துறையில் இது நன்கு அறியப்பட்டதாகும்.

காலை 9:07க்கு வானூர்தி எழும்பியது. வெளியேற்று வால்வு பகுதி திறந்தே இருந்ததால் அறையில் அழுத்தம் சேரவில்லை. 12,000 அடியைக் கடந்தபோது எச்சரிக்கை ஒலி எழுந்தது. அவ்வகை வானூர்தியில் இவ்வொலி இரண்டு பொருள்களைக் கொண்டிருந்தது. தரையில் ஒலித்தால், மேலெழும்புவதற்கான அமைப்பு சரியில்லை எனப் பொருள். வானில் ஒலித்தால், அறை உயரம் எல்லை மீறிவிட்டது எனப் பொருள். விமானிகள் முதற்பொருளையே கொண்டனர். தரையிலன்றி எழக்கூடாத எச்சரிக்கை வானில் எழுவதாக எண்ணிக் குழம்பினர். ஒரே ஒலிக்கு இரு பொருள் வைத்து, எது என்பதை அந்த நேரத்தில் மனிதரே தேர்ந்துகொள்ளட்டும் என விட்டது வடிவமைப்பின் குறை என்றே கருதத்தக்கது. மூளை மந்தமாகும் வேளையில் கேட்கப்பட வேண்டிய ஒலி அதுவாயிற்றே.

அடுத்து, மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கும் அமைப்பின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. காற்று அடர்த்தியற்றுப் போனதே அதன் காரணம். விமானி அறையின் கவனம் முழுவதும் இதன்மேல் திரும்பியது. பயணியர் பகுதியில் முகக்கவசங்கள் தாமே இறங்கின. முன்னே இருந்த இருவரும் தங்கள் முகக்கவசங்களை அணியவில்லை. தலைமை விமானி வானொலியில் நிறுவனத்தின் பொறியாளருடன் பேசினார். அழுத்தக் கட்டுப்பாடு தானியங்கு நிலையில் உள்ளதா என்று அவர் கேட்டார். கேள்விக்கு விடையளிக்காமல், குளிர்விப்பு அமைப்பின் மின்சுற்று முறிப்பான்கள் எங்கே உள்ளன என்று விமானி வினவினார். சரியான கேள்வி வந்துசேர்ந்தது. அதை ஏற்கும் மூளை அப்போது இல்லை. 9:20 அளவில், ஏறத்தாழ 29,000 அடியில், பேச்சு நின்றது.

வானூர்தி தானியங்கி ஓட்டியின் துணையால் 34,000 அடிக்கு ஏறி, ஏதென்ஸ் அருகே சென்று, அங்கே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. 11:24க்கு கிரேக்க வான்படையின் இரண்டு எஃப்-16 வானூர்திகள் அதை நெருங்கின. தலைமை விமானியின் இருக்கை வெறுமையாக இருந்ததையும், துணை விமானி சாய்ந்து கிடந்ததையும், பயணியர் பகுதியில் முகக்கவசங்கள் தொங்கியதையும் அவர்கள் கண்டனர். 11:49க்கு ஒருவர் விமானி அறைக்குள் நுழைந்து தலைமை விமானியின் இருக்கையில் அமர்ந்தார். அவர் கையடக்க ஆக்சிசன் உருளைகளைக் கொண்டு நினைவுடன் தாக்குப்பிடித்த விமானப் பணியாளர். விமானி உரிமமும் பெற்றிருந்தவர். அவர் அமர்ந்த ஓரிரு நிமிடங்களுக்குள் எரிபொருள் தீர்ந்து இடது எஞ்சின் நின்றது. உதவி கோரி அவர் பேசியது குரற்பதிவில் உள்ளது. எந்த நிலையத்தையும் அது எட்டவில்லை. சிறிது நேரத்தில் வலது எஞ்சினும் நின்றது. 12:03க்கு கிரமாத்திக்கோ என்னும் ஊரருகே வானூர்தி மலைச்சரிவில் மோதியது.

2006ல் வெளியான கிரேக்க விசாரணை அறிக்கை, சுவிட்சைக் கவனியாமையையும், எச்சரிக்கைகளின் பொருளை அறியாமையையும், அதனால் விளைந்த செயலிழப்பையும் நேரடிக் காரணங்களாகக் கூறியது. நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாடு, மேற்பார்வை அமைப்புகளின் குறைகள் ஆகியவற்றையும் சுட்டியது. 2011ல் அமெரிக்க வான்பயண ஆணையம், போயிங் 737 வானூர்தியின் முந்தைய வகைகளில் அறை உயரத்திற்கெனத் தனி எச்சரிக்கை விளக்குகளைப் பொருத்த ஆணையிட்டது.

பிற நிகழ்வுகள்

1999 அக்டோபர் 25 அன்று அமெரிக்கக் குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் உள்ளிட்ட அறுவர் சென்ற லியர்ஜெட் வானூர்தி, புளோரிடாவிலிருந்து புறப்பட்டு, எவரும் ஓட்டாமலே பல மணி நேரம் பறந்து தெற்கு டகோட்டாவில் விழுந்தது. 2000 செப்டம்பர் 4 அன்று ஆத்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து எண்மருடன் புறப்பட்ட சிறு வானூர்தி, கண்டத்தைக் குறுக்கே கடந்து குயின்சுலாந்தில் விழுந்தது.

உயிர்தப்பிய நிகழ்வு ஒன்றும் உண்டு. 2008 சூலை 26 அன்று அமெரிக்காவில் 32,000 அடியில் பறந்த ஒரு சரக்கு லியர்ஜெட்டின் விமானி, சொற்களை இழுத்து இழுத்துப் பேசுவதை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் கவனித்தனர். வானூர்தியைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று சொன்ன அதே குரல், மற்றபடி எல்லாம் நலம் என்ற பொருளிலும் பேசியது. இது ஆக்சிசன் குறைவு என்று ஊகித்த அவர்கள், 11,000 அடிக்கு இறங்குமாறு திரும்பத் திரும்பக் கூறினர். உயரம் குறையக் குறையக் குரல் தெளிந்தது. வானூர்தி நலமாகத் தரையிறங்கியது. பாதிக்கப்பட்டவரால் அறிய முடியாததை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் நலமான மூளையுடன் இருந்தவர் குரலைக் கொண்டே அறிந்துகொண்டார்.

இந்தியாவில், 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து செய்ப்பூர் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் போயிங் 737 வானூர்தியில், எஞ்சினிலிருந்து அறைக்குக் காற்றை அனுப்பும் சுவிட்சுகள் இயக்கப்படாமல் விடப்பட்டன. அறை அழுத்தம் குறைந்து முகக்கவசங்கள் இறங்கின. ஏறத்தாழ 30 பயணிகளுக்கு மூக்கிலும் காதிலும் பாதிப்பு ஏற்பட்டது. வானூர்தி மும்பைக்கே திரும்பியது, உயிரிழப்பு இல்லை.

விதிகளும் பயிற்சியும்

விமானி தம் உணர்வை நம்ப இயலாது என்பதால், விதிகள் உயரமானியின் எண்களை அடிப்படையாகக் கொண்டுள்ளன. பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பின் நெறிகளின்படி, அறை உயரம் 10,000 அடியைத் தாண்டி 30 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் விமானக் குழுவினருக்கு ஆக்சிசன் தேவை; 13,000 அடிக்கு மேல் எப்போதும் தேவை. அமெரிக்க விதிகளில், பொதுவான பறப்பிற்கு இவ்வெல்லைகள் 12,500 அடியும் 14,000 அடியும் ஆகும். எச்சரிக்கை ஒலித்தால், காரணத்தை ஆராய்வதற்கு முன்பே முகக்கவசத்தை அணிவது விமானிக்கு முதற்செயலாகப் புகட்டப்படுகிறது. ஒரு கையால் சில நொடிகளில் அணியத்தக்கதாக அக்கவசம் வடிவமைக்கப்படுகிறது.

பயிற்சிக்குத் தாழழுத்த அறைகள் பயன்படுகின்றன. பயிலுநர் அறைக்குள் அமர்ந்து, அழுத்தம் குறைக்கப்பட்டபின் முகக்கவசத்தைக் கழற்றி, எளிய கணக்குகளைச் செய்கிறார். பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார். வெளியே வந்து தம் கையெழுத்தைப் பார்க்கும்போதுதான் எவ்வளவு சிதைந்திருந்தது என்பது அவருக்குத் தெரிகிறது. எழுதும்போது அது சீராகவே தோன்றியிருக்கும். தமக்கே உரிய முதல் அறிகுறியை அடையாளம் கண்டுகொள்வதே இப்பயிற்சியின் நோக்கம். அழுத்தத்தைக் குறைக்காமல், ஆக்சிசன் விகிதம் குறைந்த கலவையைச் சுவாசிக்கச் செய்யும் கருவிகளும் தற்போது பயன்பாட்டில் உள்ளன. இந்தியாவில் பெங்களூரில் உள்ள வான்படையின் வான்வெளி மருத்துவக் கழகம் இத்துறையின் முதன்மை நிறுவனமாகும். 1957ல் தொடங்கப்பட்ட இது, வான்படை விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பதுடன், ககன்யான் திட்டத்திற்கான விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவச் சோதனைகளையும் நடத்தியது.

பயணிகளும் முகக்கவசமும்

ஒவ்வொரு பயணத்திலும், முகக்கவசம் இறங்கினால் முதலில் தாம் அணிந்துகொண்டு பின்னரே குழந்தைக்கு அணிவிக்குமாறு அறிவிக்கப்படுகிறது. பெற்றோர் பலருக்கு இது மனத்திற்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். 35,000 அடியில் பயன்தரு நினைவு நேரம் அரை நிமிட அளவே. அழுத்தம் திடீரென இழக்கப்பட்டால் அதிலும் குறைவு. அழுது திமிறும் குழந்தைக்குக் கவசத்தை மாட்ட முயல்வதில் அந்நேரம் கழிந்தால், இருவருக்கும் உதவ எவரும் இரார். தாய் முதலில் அணிந்துகொண்டால், குழந்தை சில நொடிகள் நினைவிழந்தாலும், கவசம் அணிவித்தவுடன் பொதுவாக மீண்டுவிடும்.

கவசத்தோடு இணைந்த பை உப்பாவிடினும் ஆக்சிசன் வந்துகொண்டுதான் இருக்கும். பை உப்பவில்லை என்று கவசத்தைக் கழற்றிவிடக் கூடாது. பெரும்பாலான வானூர்திகளில் இந்த ஆக்சிசன், இருக்கைக்கு மேலுள்ள சிறு கலத்தில் சோடியம் குளோரேட்டைச் சூடாக்கும் வேதிவினையால் உண்டாகிறது. கவசத்தை இழுக்கும்போதுதான் வினை தொடங்கும் என்பதால் அதை நன்கு இழுக்க வேண்டும். கலம் சூடாகி லேசான எரிமணம் எழலாம். அது தீ அன்று.

இக்கலங்கள் பொதுவாக 12 நிமிட அளவிலோ சற்றுக் கூடுதலாகவோ ஆக்சிசன் தரும். இதற்குள் விமானி 10,000 அடிக்கு விரைந்து இறங்கிவிடுவார் என்பது கணக்கு. நிலமே அதைவிட உயரமாக உள்ள திபெத்து மேட்டுநிலம் போன்ற பகுதிகளின் மேல் இக்கணக்கு பொருந்தாது. ஆகவே அவ்வழியே செல்லும் வானூர்திகள் கூடுதல் நேரம் நீடிக்கும் ஆக்சிசனை எடுத்துச் செல்கின்றன. தாழ்ந்த நிலத்தை விரைவில் அடைவதற்கான தப்பும் வழிகளும் புறப்படும் முன்பே வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன.